கச்சா கைதி, பக்கா கைதி

துபாஷிப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் அன்புத் தம்பி தங்கையரே,

நீதிமன்றத்தில் நான் பணியாற்றிய காலத்தைப் பற்றி எழுதித் தருமாறு உங்களில் சிலர் கேட்டீர்கள். கேட்டவர்களில் பாதிப்பேர் வாகட் அடுக்குமாடிகளிலிருந்து கைப்பேசியில் செய்தி அனுப்பினீர்கள். மீதிப்பேர் கட்கி தேவாலய வாசலில் வழிமறித்துக் கேட்டீர்கள். இரு சாராருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பள்ளியில் தமிழ் பயின்றவள் அல்லள். வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகளாக இந்த மராட்டிய மண்ணில், கட்கியில் பிறந்து, மராட்டிப் பள்ளியில் படித்தவள். வேதாகமத்தையும், ஊரிலிருந்து முறுக்கும் அதிரசமும் சுற்றிவந்த செய்தித்தாள்களையும் எழுத்துக்கூட்டி வாசித்தே தமிழைக் கற்றுக்கொண்டேன். ஆகையால் என் நடை சற்று விறைப்பாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டும். கஞ்சி போட்ட சேலையைப் போன்றது அது, எனக்குப் பழகிவிட்டது.

சம்மன், பதிவேடு, கையொப்பம் இடவேண்டிய இடங்கள் ஆகியவற்றை அலுவலகமே உங்களுக்குக் கற்றுத்தரும். அவற்றை விட்டுவிடுகிறேன். கூண்டில் நிற்கும் மனிதரை என்ன சொல்லால் அழைப்பது என்பதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒன்றைத்தான் நான் கற்றேன். முழுவதும் கற்றேனா என்பது இன்றும் எனக்கு ஐயம்தான்.

எழுத்தராகச் சேர்ந்த என்னை, தமிழ் தெரியும் என்ற ஒரே காரணத்தால், கூண்டில் நிற்பவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாகவும் ஆக்கினார்கள். முதல் ஆண்டிலேயே ஒரு பெரும்பிழை செய்தேன். மராட்டியில் ‘ஆரோபி’ என்பார்கள். ஒருவர்மீது பிறர் குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள்; அவர் குற்றம் செய்தார் என்பது அன்று. ‘ஆரோபி எழுந்து நிற்கட்டும்’ என்று நீதிபதி சொன்னார். நான் அவசரத்தில், ‘குற்றவாளி எழுந்து நிற்கவும்’ என்று தமிழில் உரக்கச் சொன்னேன். கூண்டில் இருந்த இளைஞர் எழுந்தார். அவருடன் பின்வரிசையில் ஓர் அம்மாளும் எழுந்தார், அவருடைய தாய். வழக்கு வேறு நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டதும் தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, தீர்ப்பு சொல்லிட்டாங்களா? எனக்குக் காதுல விழவே இல்லியே.”

கையை விடுவித்துக்கொண்டு என் பிரிவுக்கு விரைந்தேன்.

அக்காலத்தில் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் ஒரு மூத்த துபாஷி இருந்தார். மராட்டியர்; மெலிந்த தேகம்; மழையோ வெயிலோ கறுப்புக் குடையின்றி வரமாட்டார். என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டறிந்தார். ஏசவில்லை. “அந்த அம்மாவிடம் நீயே போய்ச் சொல்லிவிட்டு வா. அதுவரை நான் தேநீர் சொல்லப்போவதில்லை” என்றார்.

போனேன். “இல்லம்மா, அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்” என்றேன்.

“நீ சொன்னதுக்கே உசுரு போய்ட்டு வந்துது. நெஜமா சொன்னா நான் என்ன ஆவேன்?” என்று கேட்டுவிட்டு, அவரே என் தோளைத் தட்டிக்கொடுத்துச் சென்றார்.

தேநீர்க் கடையில் மூத்தவர் எனக்கு ஒன்றைச் சொன்னார்: “தெரியாத சொல் வந்தால் நீ யாரையாவது கேட்பாய், அகராதியைத் திறப்பாய். தெரிந்த சொல்லுக்குத் திறக்கமாட்டாய். நீ மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.”

அன்றிலிருந்து தெரிந்த சொற்களையே ஐயுறத் தொடங்கினேன். நம் தமிழிலும் மராட்டியிலும் இந்தியிலும் ஒரே உருவத்தில் நடமாடும் சொற்கள் பல. அவற்றின் குணம் வேறு. இங்கே ‘சிக்ஷா’ என்றால் மராட்டிக்காரருக்குத் தண்டனை, இந்திக்காரருக்குக் கல்வி. நமக்குச் ‘சம்சாரம்’ என்றால் மனைவி. இவர்களுக்குக் குடும்ப வாழ்க்கை முழுவதும். எல்லாவற்றினும் பொல்லாதது ‘அபராதம்’. நமக்கு அது கட்டும் பணம். இவர்கள் ‘அபராத்’ என்றால் குற்றம். அந்த ஒரு சொல் என் கண்ணெதிரே ஒரு மனிதரின் பிழைப்பைத் தின்னப் பார்த்தது. அதைத்தான் சொல்லவந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஒரு முற்பகலில் என் பிரிவிலிருந்து என்னை அவசரமாக அழைத்தார்கள். ஒரு திருட்டு வழக்கு, ஆரோபி தமிழர், சிறையிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். நீதிபதி ஒரு பெண்மணி. ஆளின் பெயரைப் பார்த்ததும், துபாஷி வராமல் இந்த வழக்கை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். பட்டியலில் வேறு பல வழக்குகள் காத்திருந்தன. அனைவரும் என்னை வழிமேல் விழிவைத்துப் பார்த்தார்கள் என்று எழுத ஆசைதான். உண்மையில் கடிகாரத்தைத்தான் பார்த்தார்கள்.

வாசலருகே பெஞ்சில் ஒரு காவலருடன் அவர் உட்கார்ந்திருந்தார். பெயர் முருகேசன். முப்பத்தைந்து வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். தேஹு ரோட்டில் தங்கி, ஒரு பள்ளிக்கூட வேனின் ஓட்டுநராக இருந்தவர். பிணை நிற்க ஆள் இல்லாததால் பதினொரு நாளாகச் சிறையில். அவ்வளவு நாள் உள்ளே இருந்தவர் என்னைக் கண்டதும் மணமேடையில் இருப்பவர் போலச் சிரித்தார்.

“அம்மா தமிழா? அப்பாடி! இன்னைக்கு வீட்டுக்குப் போயிருவேம்மா.”

“வழக்கப் பத்தி என்கிட்டப் பேசாதீங்க. உங்க வக்கீல்கிட்டதான் பேசணும். நீங்க சொல்றத அங்க சொல்றதும், அவங்க சொல்றத உங்களுக்குச் சொல்றதும் மட்டுந்தான் என் வேலை” என்றேன்.

“அதெல்லாம் சரிம்மா. வக்கீலு தம்பி நல்ல பையன்தான், ஆனா அவரு இந்தி ரயிலு மாதிரி போவுது. உள்ள இருக்கவங்கதான் எனக்கு வெளங்கச் சொன்னாங்க. நான் இப்பம் கச்சா கைதியாம். கச்சாவா இருந்தா உள்ளயே கெடக்கணுமாம். கபூல்னு ஒரு வார்த்த சொன்னா பக்கா ஆயிருவேனாம். பக்கா ஆயிட்டா, பதினோரு நாளு இருந்தது போதும்னு அபராதத்தக் கட்டச்சொல்லி அனுப்பிருவாங்களாம். பக்கான்னா நல்லதுதானம்மா?”

சிறையில் வழங்கும் சொற்கள் இவை. கபூல் என்றால் ஒப்புக்கொள்கிறேன் என்பது. விசாரணை முடியாமல் அடைபட்டிருப்பவர் கச்சா கைதி. குற்றம் உறுதியாகித் தண்டனை பெற்றவர் பக்கா கைதி. நம் ஊரிலோ பக்கா என்றால் பிரமாதம் என்று பொருள். இந்த மனிதர் திருடர் என்று முத்திரை குத்திக்கொள்வதைத் தேர்வில் தேறுவதாக எண்ணிக்கொண்டிருந்தார்.

என் நிலையை எண்ணிப்பாருங்கள். ‘ஐயா, பொருள் புரியாமல் பேசுகிறீர்கள்’ என்று அந்தப் பெஞ்சிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் துபாஷி அல்லள், வழக்கறிஞர் ஆகிவிடுகிறேன். ஒருவருக்கு ஆதரவாக ஒரு சொல்லை நழுவவிட்ட துபாஷியை அடுத்த வழக்கில் யார் நம்புவார்? “வக்கீல்கிட்டக் கேளுங்க, நான் மாத்திச் சொல்றேன்” என்றேன். அதற்குள் வழக்கை அழைத்துவிட்டார்கள். வக்கீல் தம்பி பக்கத்து நீதிமன்றத்திலிருந்து கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தார்.

குற்றச்சாட்டு இதுதான். தேஹு ரோடு நிலையத்திலிருந்து புறப்பட்ட பகிர்வு ஆட்டோவில், உடன் பயணம் செய்த ஒருவருடைய மடிக்கணினிப் பையை முருகேசன் திருடிச் சென்றார். காவல் சாவடியில் தாமே ஒப்புக்கொண்டார்.

நீதிபதி மராட்டியில் கேட்டார்: “அபராத் கபூல் ஆஹே கா?” குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என்பது பொருள்.

நான் வாய் திறப்பதற்குள் முருகேசன் முந்திக்கொண்டார். அவருக்கு அந்த வரியில் இரண்டு சொற்கள் நன்றாகத் தெரியும் அல்லவா?

“கபூல் ஹை ஸாப், கபூல் ஹை! அபராதம் கட்டிருதேன்!”

முதற்பாதி அறையில் இருந்த அனைவருக்கும் விளங்கியது. பிற்பாதி எனக்கு மட்டும் விளங்கியது. சுருக்கெழுத்தாளரின் விரல்கள் தட்டச்சுப் பலகையில் ஓடத் தொடங்கிவிட்டன.

தம்பி தங்கையரே, இப்படிப்பட்ட நேரத்தில் நமக்குக் கிடைப்பது ஒரு மூச்சு விடும் பொழுதுதான். கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை. பதிலையும் என்னிடம் கேட்கவில்லை. பேசாமல் இருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. அவர் அன்றே வீடு திரும்புவார். மகிழ்ச்சியாகவும் திரும்புவார்.

நான் எழுந்து, “துபாஷி தன் சார்பில் ஒரு சொல் பேச அனுமதி வேண்டுகிறாள்” என்றேன். இந்த வாசகத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘நான்’ என்று சொல்லாதீர்கள். அந்த அறையில் ‘நான்’ என்பது ஆரோபிக்குரிய சொல். அவர் ‘நான்’ என்றால் நாமும் அவருக்காக ‘நான்’ என்போம். நம் பேச்சு வேறு, அவர் பேச்சு வேறு என்று கேட்பவருக்குத் தெரியவேண்டும்.

“பேசுங்கள், பாயி” என்றார் நீதிபதி. மராட்டியில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது.

“ஆரோபி இறுதியில் சொன்னது, ‘தண்டத்தொகையைக் கட்டிவிடுகிறேன்’ என்பது. தமிழில் அபராதம் என்றால் தண்டத்தொகை. நீதிமன்றம் குற்றத்தைக் கேட்டது. அவர் எதற்கு விடை சொன்னார் என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யவேண்டும்.”

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சுருக்கெழுத்தாளரை நிறுத்தச் சொன்னார். “அந்தச் சொல் இல்லாமல் கேளுங்கள். பையைத் திருடினாரா என்று கேளுங்கள்.”

கேட்டேன். முருகேசனின் முகத்தில் இருந்த கல்யாணக்களை ஒரே நொடியில் வடிந்தது.

“திருடவா? ஐயையோ! யாரும்மா திருடுனா? நான் தப்பா எடுத்துட்டேம்மா!”

நீதிபதி என்னைப் பார்த்தார். ‘தப்பா’ என்ற அந்தச் சொல் என் நாக்கில் வந்து நின்றுவிட்டது. காவல் சாவடியில் எழுதிய வாக்குமூலத்தை நீதிபதி அதற்குள் புரட்டி, அந்த வரியை வாசித்தார். இந்தியில் இருந்தது: ‘மைனே பேக் கலத் லியா’. பையைத் தவறான வழியில் எடுத்தேன் என்றே படிப்பவருக்குப் படும். ‘கல்தி ஸே லியா’ என்றிருந்தால், கைமாறி எடுத்துவிட்டேன் என்று ஆகியிருக்கும். நம்மவர் தமிழில் யோசித்து, ‘தப்பா’ என்பதற்கு ‘கலத்’ என்று அப்படியே இந்தியில் எடுத்துவைத்திருக்கிறார். இந்த ஊரில் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. எங்கள் வீட்டிலேயே என் தந்தையார் கடைக்காரரிடம் எத்தனை முறை செய்திருக்கிறார்!

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது, பல ஆண்டுகளுக்கு முன் தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்த அந்தத் தாய். ‘தப்பா சொல்லிட்டேன்’ என்று அவரிடம் சொன்னேனே, கெட்ட எண்ணத்தோடா சொன்னேன்?

ஆயினும் ‘கல்தி ஸே’ என்று மொழிபெயர்க்கவும் எனக்கு உரிமை இல்லை. தமிழில் அந்தச் சொல் இரண்டு பக்கமும் சாயும். அவர் எந்தப் பக்கம் சாய்ந்தார் என்பதை அவரே சொல்லவேண்டும்.

“அவர் சொன்ன சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தவறான செயலாக எடுத்தேன் என்பது ஒன்று. தவறுதலாக எடுத்தேன் என்பது மற்றொன்று. துபாஷியால் தெரிவு செய்ய இயலாது” என்றேன்.

“எப்படி எடுத்தார் என்று கேளுங்கள். முழுவதும் சொல்லட்டும்.”

முருகேசன் சொன்னதை வரி வரியாக மராட்டியில் சொன்னேன். “ரெண்டும் கறுப்புப் பைம்மா. ஆட்டோவுல பின்னால ஒண்ணாக் கெடந்துது. என் பையில டிபன் பாக்ஸும் மாத்துத் துணியும். அவசரத்துல எறங்குனேன், கையில வந்தத எடுத்துட்டுப் போயிட்டேன். வீட்டுல தொறந்தா கம்ப்யூட்டரு! மறுநாளு வேன் டூட்டி, விடமாட்டாங்க. அதுக்கு மறுநாளு நானே போலீஸ் சௌக்கிக்குத் தூக்கிட்டுப் போயி, ‘கலத் லியா ஸாப்’னு சொன்னேன். உக்காருன்னாங்க, உக்காந்தேன். இன்னைக்கு வரைக்கும் உக்காந்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

வக்கீல் தம்பி சங்கடத்துடன் எழுந்தார். “அம்மையாரே, குற்றத்தை மறுத்தால் விசாரணைக்கு நாள் குறிக்கவேண்டும். பிணைக்கு ஆள் இன்னும் இல்லை. இவர் இன்று திரும்பவும் சிறைக்குத்தான் போகவேண்டியிருக்கும்.”

அதையும் நான் தமிழில் சொல்லவேண்டும். சொன்னேன். முருகேசன் என் பக்கம் திரும்பினார். அவர் கண்களில் அவ்வளவு கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

“என்னம்மா இப்பிடிப் பண்ணிட்டீங்க? நான் சொன்னது சொன்னபடி இருந்தா இன்னைக்குப் போயிருப்பேன்லா? உங்கள யாரு நடுவுல பேசச் சொன்னா? நம்ம ஆளுன்னு நெனச்சேனே!”

“என்ன சொல்கிறார்?” என்று நீதிபதி கேட்டார்.

நீங்கள் இவ்விடத்தில் கூர்ந்து கவனிக்கவேண்டும். நம்மைத் திட்டினாலும் அதுவும் வாக்குமூலம்தான். “ஆரோபி சொல்கிறார்: ‘துபாஷி ஏன் இப்படிச் செய்தார்? நான் சொன்னது சொன்னபடி இருந்தால் இன்று வீடு போயிருப்பேன். அவரை யார் நடுவில் பேசச் சொன்னது? அவரை நம்மவர் என்று நினைத்தேன்’” என்று ஒரு சொல்லும் குறையாமல் மராட்டியில் சொன்னேன். என் குரல் நடுங்கியிருக்கலாம். சொல் நடுங்கவில்லை.

நீதிபதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவசரமின்றி, ஒவ்வொரு வரியையும் நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, விளக்கினார். “ஒப்புக்கொண்டால் இன்று போகலாம். ஆனால் தண்டிக்கப்பட்டவர் என்று ஏட்டில் ஏறும். மறுத்தால் வழக்கு நடக்கும்; அதுவரை நீங்கள் குற்றஞ்சாட்டப்பட்டவர் மட்டுமே. எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். நானோ வக்கீலோ இந்தப் பாயியோ சொல்லமுடியாது.”

முருகேசன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஏட்டுல ஏறுனா… பள்ளிக்கூட வேன் ஓட்ட விடுவாங்களாம்மா?”

நீதிபதியிடம் சொன்னேன். “குழந்தைகள் வண்டிக்குக் காவல்துறைச் சான்று கேட்பார்கள். கிடைப்பது கடினம்” என்றார்.

“இருவத்திரெண்டு பிள்ளைகம்மா என் வண்டியில. ஒவ்வொண்ணும் எந்த கேட்டுல நிக்கும்னு கண்ணக் கட்டிட்டுச் சொல்லுவேன்.” கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “அப்பம் நான் கச்சாவாவே இருக்கேன். திருடன்னு மட்டும் எழுதவேண்டாம்னு சொல்லுங்க.”

‘திருடன் என்று மட்டும் எழுதவேண்டாம்’ என்று நான் மராட்டியில் சொல்லி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து முருகேசனை நோக்கி ஒரு குரல் கேட்டது. தமிழ்க் குரல்.

“ஏனுங்க… நீங்க தமிழுங்களா?”

காவலர் அதட்டி உட்காரவைக்கப் பார்த்தார். எழுந்து நின்றவர் கண்ணாடி அணிந்த இளைஞர். கழுத்தில் நிறுவன அடையாள அட்டையைக் கழற்ற மறந்து வந்திருந்தார். அவரே மடிக்கணினிக்கு உரியவர். கோயம்புத்தூர்க்காரர், வாகட்டில் குடியிருப்பவர். வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தில் இருந்த கணினியைத் திரும்பப் பெற மனுப் போட்டுவிட்டு, முருகேசன் பையின் கதையைச் சொன்னபோதுதான் உள்ளே வந்து தம் முறைக்காகக் காத்திருந்தார். நீதிபதி அவரை முன்னே வரச் சொன்னார்.

அவர் ஆங்கிலத்தில் சொன்ன செய்தி இது. ஆட்டோவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ‘தோடா சர்கோ, பையா’, அதாவது சற்று நகருங்கள் அண்ணா, என்று இந்தியிலேயே இடம் கேட்டுச் சச்சரவிட்டிருக்கிறார்கள். இருவரும் தமிழர் என்று இருவருக்கும் தெரியாது. இறங்கும்போது தம் பை இருந்த இடத்தில் ஒரு பழைய கறுப்புப் பை இருந்தது. வேண்டுமென்றே அதை வைத்துவிட்டுத் தம் பையைத் தூக்கிப்போய்விட்டார்கள் என்று எண்ணி, அடையாளம் தெரியாத ஆள்மீது புகார் கொடுத்து, அந்தப் பழைய பையையும் ஒப்படைத்துவிட்டார். திருடன் கிடைத்துவிட்டான், ஒப்புக்கொண்டும்விட்டான் என்று பிறகு தொலைபேசியில் சொன்னார்களாம்.

“பெயரைக் கேட்கவில்லையா?” என்றார் நீதிபதி.

இளைஞர் தலைகுனிந்தார். பதிலை என்னைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னார்: “திருடனுக்குப் பேரு எதுக்குன்னு விட்டுட்டனுங்க மேடம்.”

அதையும் மொழிபெயர்த்தேன்.

நீதிபதி அந்தப் பழைய பையைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு சட்டை, ஒரு துண்டு, ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மூடியில் புள்ளி புள்ளியாக ஏதோ வெட்டியிருந்தது. இத்தனை நாளும் அதைப் பார்த்தவர் யாருக்கும் அந்த எழுத்து தெரியாது. “பாயி, இது என்ன?”

“தமிழ் எழுத்து, அம்மையாரே. நம்மவர் பாத்திரங்களில் பெயர் வெட்டிக்கொள்வது வழக்கம். ‘மு. பாக்கியம்’ என்றிருக்கிறது.”

“யார் அது?”

முருகேசன் நான் கேட்கும்வரை பொறுக்கவில்லை. “ஸாப், ஓ மேரா சம்சாரம்!”

“என் குடும்ப வாழ்க்கை என்கிறாரா?” என்று சுருக்கெழுத்தாளர் குழம்பிக் கேட்டார்.

“மனைவி” என்றேன். அப்போது நீதிபதியும் சிரித்துவிட்டார். “பெயர் வெட்டிய பாத்திரத்தை விட்டுவிட்டுப் போகும் திருடரை நான் இதுவரை பார்த்ததில்லை” என்றார். பிறகு கண்ணாடியை அணிந்துகொண்டு, “ஆனால் இது என் கருத்துத்தான், தீர்ப்பு அல்ல. சட்டப்படி நடக்கட்டும்” என்றும் சொன்னார். அவர் சொற்களில் இருந்த அந்தக் கவனத்தை நான் இன்றளவும் போற்றுகிறேன்.

உணவு இடைவேளையில் கோயம்புத்தூர்த் தம்பி சமாதான மனு எழுதிக் கொடுத்தார். அதன் முன் முருகேசனிடம் போய், “அண்ணா, மன்னிச்சுக்குங்க. நான் தப்பா நெனச்சுட்டனுங்க” என்றார். முருகேசன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க தப்பா நெனச்சதுக்கு நான் பதினோரு நாளு. நல்லவேள, இன்னும் கொஞ்சம் நெனக்கல” என்றார். அதன்பின் இருவரும் சேர்ந்து சிரித்தது தாழ்வாரத்தின் மறுமுனைவரை கேட்டது.

பிற்பகலில் நீதிபதி இருவரையும் தனித்தனியே விசாரித்தார். வற்புறுத்தல் உண்டா என்று என் மூலம் மூன்று முறை கேட்டார். பிறகு உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். சமாதானம் ஏற்கப்பட்டது; குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்படுகிறார். சுருக்கெழுத்தாளர் வழக்கம்போல் ‘ஆரோபி முருகேசன்’ என்று தட்டினார்.

“கடைசி வரியில் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். இப்போது அவர்மீது ஆரோபம் ஏதும் இல்லை. ‘ஸ்ரீ’ என்று போடுங்கள்” என்றார் நீதிபதி. பிறகு என்னைப் பார்த்து, “சொல்லுங்கள், பாயி” என்றார்.

காலையில் என்மீது கோபப்பட்டதிலிருந்து முருகேசன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் பக்கம் திரும்பி, வேதாகமத்திலும் பழைய செய்தித்தாள்களிலும் நான் கற்ற தமிழில் மிகச் செம்மையான வாக்கியத்தை அமைத்துச் சொன்னேன்:

“திரு. முருகேசன் அவர்களே, நீங்கள் விடுதலை ஆகிவிட்டீர்கள். போகலாம்.”

அவர் நகரவில்லை. தமக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த காவலரைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்:

“யாரைம்மா கூப்பிடுதாங்க?”

“உங்களத்தான்” என்றேன்.